தாழ்ந்து ஓடும் கார்கள்

மோட்டார் கார் என்றவுடன் நம் மனத்தில் எழும் முதல் எண்ணம் வேகம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் போகும்? காரை வாங்குபவரும், தயாரிப்பவரும், வாங்க இயலாமல் வேடிக்கை பார்ப்பவரும் கேட்கும் கேள்விகள் இவையே. ஆனால் இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, "எவ்வளவு தாழ்வாக? எவ்வளவு மெதுவாக?" என்று கேட்கும் மக்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் அவர்கள். தங்களைச் 'சிக்கானோ' என்று அழைத்துக்கொள்பவர்கள் இவர்களுள் பலர். அவர்கள் உருவாக்கிய காருக்கு 'லோரைடர்' என்று பெயர். தாழ்வாகச் செல்வது என்பது அதன் பொருள். காரையும் அப்படி அழைப்பார்கள்; அதை ஓட்டுபவரையும் அப்படியே அழைப்பார்கள்.

இந்தக் கார் ஸ்விட்சைத் தட்டினால் தரையோடு படியும். மறுமுறை தட்டினால் எழுந்து நிற்கும். தொடர்ந்து தட்டினால் துள்ளிக் குதிக்கும். பாஸ்கல் விதி, ஹூக் விதி, ஈர்ப்பு மையம், ஒளி உறிஞ்சப்படுதல் என்று நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் பாதி அதனுள் அடங்கியிருக்கிறது. அதனுடன் ஒரு சட்டத்தின் கதையும், தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களின் கதையும் சேர்ந்திருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மணல் மூட்டையில் தொடங்கியது

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை, குறிப்பாகச் செவர்லே கார்களை, மலிவான விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். புதிய கார் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் கைத்தொழில் தெரியும்.

அக்காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் பலர் பழைய காரின் எஞ்சினை முடுக்கி, பின்புறத்தை உயர்த்தி, பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிக்கானோ இளைஞர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். காரைத் தாழ்த்தினார்கள்; வேகத்தைக் குறைத்தார்கள். 'தாழ்வாக, மென்மையாக' என்பதே அவர்கள் ஸ்பானிய மொழியில் சொல்லிக்கொண்ட கொள்கை.

தாழ்த்துவதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். முதல் வழி, டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றுவது. சுருள்வில் எவ்வளவு சுருங்கும் என்பது அதன்மீது உள்ள சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. சுமை கூடினால் கார் தாழும். இரண்டாம் வழி, சுருள்வில்லையே வெட்டிக் குறுக்குவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பத்துச் சுற்றுகள் உள்ள சுருள்வில்லில் இரண்டை வெட்டினால், எஞ்சிய எட்டுச் சுற்றுகளின் விறைப்பு 10/8 மடங்காகிறது. அதாவது 25 சதவீதம் கூடுகிறது. கார் தாழ்வதோடு, சவாரியும் கடினமாகிவிடும். வெட்டிய சுற்றை மீண்டும் ஒட்டவும் முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்காக? 1943ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், தொளதொளவென்ற நீண்ட உடைகளை அணிந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கடற்படையினரும் பிற படைவீரர்களும் தெருத்தெருவாகத் தேடி அடித்தார்கள். இந்த நிகழ்ச்சி அச்சமூகத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்வதே பாதுகாப்பு என்று கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் அழகுபடுத்திய காரில் மனைவி மக்களுடன் அமர்ந்து, ஞாயிறு மாலையில் கடைத்தெரு வழியே மெதுவாகச் செல்வது, "நாங்களும் இவ்வூரார்தாம், எங்களைப் பாருங்கள்" என்று சொல்லாமல் சொல்வதாகும். விரைந்து செல்லும் காரில் இருப்பவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மெதுவாகச் சென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு, நடைபாதையில் நிற்கும் உறவினரிடம் நலம் விசாரிக்கலாம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் விட்டியர் பெருஞ்சாலை இவ்வாறு புகழ்பெற்றது.

சட்டத்தின் அளவுகோல்

1958 முதல் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு என்று அது அறியப்படுகிறது. மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் உலோக வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது என்று அது கூறியது. சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆயினும் சாலையில் நிறுத்தப்பட்டு அபராதம் கட்டியவர்களில் லோரைடர்கள் முன்னிலையில் இருந்தார்கள்.

சட்டம் உயரம் கேட்டது. ஓட்டுபவர் தாழ்வை விரும்பினார். வெட்டிய சுருள்வில்லோ, நிறுத்தப்பட்ட இடத்தில் உயர்ந்து கொடுக்காது. ஒரே கார் வேண்டும்போது தாழவும் வேண்டும்போது உயரவும் வேண்டும். இது ஓர் இயற்பியல் வினா அல்லவா?

1959இல் இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவராகக் குறிப்பிடப்படுபவர், ரான் அகிர்ரே என்ற கலிபோர்னிய இளைஞர். போர் முடிந்தபின் விமானங்களின் உதிரிப் பாகங்கள் கழிவு விலைக்கு விற்கப்பட்டுவந்தன. விமானத்தின் சக்கரங்களையும் இறக்கை மடல்களையும் அசைக்கப் பயன்பட்ட எண்ணெய்ப் பம்புகளும் வால்வுகளும் அவற்றில் இருந்தன. அகிர்ரே அவற்றைத் தமது 1957ஆம் ஆண்டுக் கார்வெட் காரில் பொருத்தினார். அவ்வளவுதான், போலீசாரைக் கண்டால் கார் எழுந்து நிற்கும், அவர்கள் போனதும் மீண்டும் தாழும். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை.

ஒரு டம்ளர் எண்ணெயின் வலிமை

இனி இது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. சர்வீஸ் நிலையத்தில் காரைத் தூக்கி நிறுத்தும் மேடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். அங்கே மேடை தரையில் இருக்கிறது. லோரைடரில் அது சக்கரத்துக்குச் சக்கரம் காருக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு சுருள்வில்லின் தலையிலும் ஓர் எஃகு உருளையும் அதனுள் ஒரு பிஸ்டனும் பொருத்தப்படுகின்றன. டிக்கியில் உள்ள மின்மோட்டார், பல்சக்கரப் பம்பு ஒன்றைச் சுழற்றி, குழாய் வழியாக எண்ணெயை உருளைக்குள் தள்ளுகிறது. பிஸ்டன் நீள்கிறது; கார் உயர்கிறது. எண்ணெய் திரும்பி ஓடாமல் ஒருவழி வால்வு தடுக்கிறது. இறக்க வேண்டுமானால் மின்காந்த வால்வு ஒன்றைத் திறந்தால் போதும். காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஏறுவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். இறங்குவதற்குப் புவியீர்ப்பே போதும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காரின் முன்பகுதி 900 கிலோகிராம் என்று கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 450 கிலோகிராம். சுருள்வில் சக்கரத்தின்மீது நேரே நிற்பதில்லை; சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவே நிற்கிறது. நெம்புகோல் தத்துவப்படி அதன்மீது இரு மடங்கு விசை, அதாவது 900 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. பிஸ்டனின் விட்டம் 4 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. ஆகவே எண்ணெயின் அழுத்தம் 900 ÷ 12.5 = 72. சதுர செ.மீ. ஒன்றுக்கு 72 கிலோகிராம் எடை! கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் இதே அலகில் ஏறத்தாழ 2 தான்.

முன்பகுதி 20 செ.மீ. உயர வேண்டுமானால், நெம்புகோல் பாதிப் பாதி ஆதலால் பிஸ்டன் 10 செ.மீ. நீண்டால் போதும். அதற்கு வேண்டிய எண்ணெய் 12.5 × 10 = 125 கன செ.மீ. ஒரு டம்ளர்கூட நிறையாது. இரு பக்கமும் சேர்த்துக் கால் லிட்டர் எண்ணெய் 900 கிலோகிராமைத் தூக்கிவிடுகிறது.

உருளை இருந்தால் சுருள்வில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் எளிதில் அமுங்காத பொருள். உருளை மட்டும் இருந்தால் சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் தாக்கும். ஆகவே உருளை சுருள்வில்லின் இருக்கையை ஏற்றி இறக்குகிறது; அதிர்ச்சியைத் தாங்கும் வேலையைச் சுருள்வில்லே செய்கிறது.

டிக்கி நிறையப் பாட்டரிகள்

லோரைடரின் டிக்கியைத் திறந்தால் பெட்டி படுக்கை வைக்க இடமிராது. நான்கு, ஆறு, சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட பாட்டரிகள் வரிசையாக இருக்கும். காரணம் என்ன?

900 கிலோகிராமை 20 செ.மீ. தூக்க வேண்டிய ஆற்றல் 900 × 9.8 × 0.2, அதாவது சுமார் 1760 ஜூல். இதை ஒரு நொடியில் செய்ய வேண்டுமானால் 1760 வாட் திறன் தேவை. மோட்டாரிலும் பம்பிலும் பாதி வீணாகிறது என்று கொண்டால் 3500 வாட். 12 வோல்ட் பாட்டரி ஒன்றிலிருந்து இதைப் பெற ஏறத்தாழ 290 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். நான்கு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்கினால் 73 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், கால் பங்கு மின்னோட்டத்தில் அவ்விழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மின்னழுத்தம் கூடும்போது மோட்டாரும் விரைந்து சுழலும்.

துள்ளலும் மூன்று கால் நிலையும்

சில லோரைடர்கள் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் துள்ளுகின்றன. இதற்கெனப் போட்டிகளும் நடக்கின்றன. ஒரே தள்ளலில் எந்தக் காரும் அவ்வளவு உயரம் எழும்பாது. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும் தாய் என்ன செய்கிறாள்? ஊஞ்சல் திரும்பத் தொடங்கும் அந்த நொடியில் சிறிதாகத் தள்ளுகிறாள். ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்கிறது. காரும் அப்படியே. முன்பகுதி கீழே வந்து, சுருள்வில் அமுங்கி, மீண்டும் எழத் தொடங்கும் கணத்தில் ஸ்விட்சைத் தட்ட வேண்டும்.

ஆனால் ஊஞ்சலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிறிதாக ஆடினாலும் பெரிதாக ஆடினாலும் ஊஞ்சலின் அலைவு நேரம் ஏறத்தாழ ஒன்றே. அந்தரத்தில் எழும்பும் பொருளுக்கு அப்படியில்லை. 20 செ.மீ. எழும்பி விழ 0.4 நொடி ஆகும், 80 செ.மீ. எழும்பி விழ 0.8 நொடி ஆகும். கார் பின்சக்கரங்களை அச்சாகக் கொண்டு எழுவதால் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்காகும் என்ற விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே கார் உயர உயரத் தட்டும் தாளமும் மாற வேண்டும். ஒரே இடைவெளியில் தட்டும் கடிகாரம் இங்கே தோற்றுப்போகும். கண்ணும் காதும் பழகிய கை வேண்டும். அந்தப் பழக்கம் பெரும்பாலும் தந்தையிடமிருந்தோ, மாமனிடமிருந்தோ, அண்ணனிடமிருந்தோ வருவது.

இன்னொரு வித்தை, மூன்று சக்கரங்களில் நிற்பது. நான்கு சக்கரங்களும் ஒரு செவ்வகத்தின் மூலைகள் என்று கொள்ளுங்கள். எடை சமமாகப் பரவியிருந்தால் ஈர்ப்பு மையம் மூலைவிட்டங்கள் சந்திக்கும் புள்ளிக்கு மேலே இருக்கும். ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் எஞ்சிய மூன்றும் முக்கோணமாகின்றன. அந்தப் புள்ளி முக்கோணத்தின் விளிம்பிலேயே இருப்பதால் நிலை உறுதியாக இராது. டிக்கியில் உள்ள பாட்டரிகளின் பளு ஈர்ப்பு மையத்தைப் பின்னோக்கி நகர்த்தி, முக்கோணத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. உடனே கார் முக்காலிபோல் நிலைத்து நிற்கிறது. மின்சாரத்துக்காக ஏற்றிய பாட்டரி, சமநிலைக்கும் உதவுகிறது!

இதைப் படித்துவிட்டு யாரும் சோதனையில் இறங்க வேண்டாம். இவ்வளவு அழுத்தத்தில் உள்ள குழாய் வெடித்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். பாட்டரிகள் மின்னேற்றம் பெறும்போது வெளிவரும் ஹைட்ரஜனோ தீப்பொறிக்குக் காத்திருக்கும் வாயு.

வண்ணத்தின் ஆழம்

லோரைடரின் நிறம் சாதாரணப் பெயிண்டு போல மேற்பரப்பில் நின்றுவிடுவதில்லை. உள்ளே ஆழம் இருப்பதுபோல் தோன்றும். முதலில் வெள்ளிபோலவோ பொன்போலவோ பளபளக்கும் உலோகத்தூள் கலந்த பூச்சு. அதன்மேல் ஒளி புகும் வண்ணப் படலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒளி அப்படலங்களைக் கடந்து உள்ளே சென்று, உலோகத்தூளில் பட்டு, மீண்டும் அவற்றைக் கடந்து வெளிவருகிறது. சிவப்புப் படலம் ஒருமுறை கடக்கும் பச்சை ஒளியில் பாதியை உறிஞ்சினால், இருமுறை கடக்கும்போது முக்கால் பங்கு மறைந்துவிடும். ஆகவே எஞ்சும் சிவப்பு மிகத் தூய்மையாக இருக்கும். சாய்வாகப் பார்த்தால் ஒளி கடக்கும் வழி நீள்வதால் நிறம் மேலும் கருத்துத் தெரியும். காரின் வளைவுகளெல்லாம் ஒளியும் நிழலுமாக மின்னுவது இதனால்தான்.

இந்தப் பளபளப்பின்மேல் ஓவியங்கள் வரைகிறார்கள். குவாதலூப்பே மாதா, அஸ்டெக் வீரர்கள், வீட்டில் காலமான தாத்தா பாட்டி ஆகியோரின் உருவங்களை அங்கே காணலாம்.

குடும்பத்தின் சொத்து

ஒரு லோரைடரை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். 1958 முதல் 1964 வரை வந்த செவர்லே இம்பாலாக்களுக்கு மதிப்பு அதிகம். அவற்றின் 'எக்ஸ்' வடிவ அடிச்சட்டம் தாழ்த்துவதற்கு ஏற்றது. வேலை நடப்பது வீட்டுக் கொட்டகையில். பற்றவைப்பு ஒருவர், மெத்தைத் தையல் ஒருவர், மின்கம்பி இணைப்பு ஒருவர். சம்பளம் கிடையாது, உறவும் நட்புமே கூலி. ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் சிறுவனும் சிறுமியும் அழுத்தம், மின்னோட்டம், நெம்புகோல் என்ற பெயர்களைப் புத்தகத்தில் காணுமுன்பே கையால் அறிந்துகொள்கிறார்கள். பாஸ்கல் விதியை வகுப்பில் நடத்தும் என்போன்றோர் பொறாமைப்பட வேண்டிய பாடமுறை இது.

நியூ மெக்சிகோவில் சிமாயோ என்ற சிற்றூரில் டேவ் ஹராமில்யோ என்பவர் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றை லோரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். 1978இல் அவர் விபத்தில் இறந்தார். கார் பாதியில் நின்றது. அவருடைய குடும்பத்தார் அதை விற்றுவிடவில்லை. அவர் எண்ணியபடியே முடித்தார்கள். 'டேவின் கனவு' என்று பெயர் பெற்ற அந்தக் கார் இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தின் சேர்க்கையில் இருக்கிறது.

மற்றொன்று 'ஜிப்சி ரோஸ்'. 'இம்பீரியல்ஸ்' சங்கத்தைச் சேர்ந்த ஹெஸ்ஸே வலாதெஸ் உருவாக்கிய 1964 இம்பாலா. உடல் முழுவதும் ரோஜா மலர்கள் தீட்டப்பட்டது. வலாதெஸ் 2011இல் காலமானார். 2017இல் அக்கார் வரலாற்றுச் சிறப்புமிக்க வாகனங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, வாஷிங்டன் தேசியத் திடலில் கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கார் வைத்திருப்போர் சங்கங்களாகச் சேர்ந்தனர். 1962இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய 'டியூக்ஸ்' சங்கம் மிகப் பழையவற்றுள் ஒன்று. சீசர் சாவேஸ் தலைமையில் நடந்த பண்ணைத் தொழிலாளர் இயக்கத்துக்கு அது நிதி திரட்டித் தந்தது. கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை சேகரிப்பது, இறந்தவர் வீட்டுக்குப் பணம் திரட்டுவது, திருமணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வரிசையாகக் கார் அனுப்புவது ஆகியவை இத்தகைய சங்கங்களின் வழக்கமான பணிகள்.

66 ஆண்டுகள்

மக்கள் கூடிய இடத்தில் சச்சரவுகளும் நேர்ந்தன. போக்குவரத்து நெரிசலையும் குற்றக் கும்பல்களையும் காரணம் காட்டி, 1970களில் விட்டியர் பெருஞ்சாலையில் வார இறுதி இரவுகளில் போலீசார் தடைகளை வைத்தார்கள். பின்னர் நகராட்சிகள் 'மெதுவாகச் சுற்றி வருதல்' என்பதையே குற்றமாக்கின. நெரிசல் நேரத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்தால் அபராதம். சான் ஹோசேயில் 1986இலும், சாக்ரமென்டோவில் 1988இலும், நேஷனல் சிட்டியில் 1992இலும் இத்தகைய தடைகள் வந்தன.

லோரைடர் சங்கத்தார் நகரசபைக் கூட்டங்களுக்குச் சென்றார்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றார்கள். குற்றம் செய்பவரைப் பிடியுங்கள், குடும்பத்தோடு கார் ஓட்டுபவரை ஏன் பிடிக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 2022இல் சான் ஹோசேயும் சாக்ரமென்டோவும், 2023இல் நேஷனல் சிட்டியும் தடையை நீக்கின. 2023 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட மாநிலச் சட்டம், 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியா முழுவதும் இத்தடைகளை ஒழித்தது. காரின் தாழ்வை அளந்த அந்தப் பழைய விதியும் அத்துடன் நீங்கியது. 1958 முதல் 2024 வரை 66 ஆண்டுகள். ஏறக்குறைய மூன்று தலைமுறை.

இப்போது போலீசாரைக் கண்டு காரை உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் பம்பையும் உருளையையும் யாரும் கழற்றி எறியவில்லை. தப்பிப்பதற்காகக் கண்ட உபாயம் இதற்குள் கலையாகிவிட்டது. அதனால் சேமிக்கப்பட்ட நேரமும் இல்லை, மிச்சப்பட்ட பெட்ரோலும் இல்லை. விமானக் கழிவில் கிடந்த ஒரு பம்பைக்கொண்டு, தங்கள் தெருவில் தலைநிமிர்ந்து மெதுவாகச் செல்லும் உரிமையை ஒரு சமூகம் காத்துக்கொண்டது. பொறியியலின் பயன்களைப் பட்டியலிடும்போது இதனையும் மாணவர்கள் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.